காலி அறைக்கு அறுபது வாட்

என் வார்டில் யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஒழுக்கம் என்று நினைத்துப் பாராட்ட வேண்டாம். அது தொண்டை அறுவை சிகிச்சை வார்டு. அங்கே படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கழுத்தில் துளை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருப்போம். மூச்சு அதன் வழியாகத்தான் போய்வரும். பேச்சு வராது. குழாயில் சளி அடைத்துக்கொண்டால் மூச்சும் வராது. அப்போது யாராவது ஓடிப்போய் இரண்டு நிமிஷத்துக்குள் மெஷினை வைத்துச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மூன்றாவது நிமிஷம் என்ற ஒன்று அந்த வேலையில் கிடையாது.

பத்தொன்பது வருஷமாக நான் அந்த ஓட்டத்தை ஓடிக்கொண்டிருக்கிறேன். நான் அந்த வார்டின் சிஸ்டர். முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஓட்டம் மட்டும் போகவில்லை.

புதிதாக அறுவை முடிந்தவர்களை நடைபாதை திரும்பும் மூலைக்கு அப்பால் உள்ள எட்டுச் சின்ன அறைகளில் வைப்போம். என் மேசையிலிருந்து அந்த அறைகள் தெரியாது. அதனால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு போன், அதில் ஒரு பெரிய பொத்தான். அமுக்கினால் என் மேசைப் போனில் மணி அடிக்கும், அந்த அறை வாசலில் சிவப்பு விளக்கு எரியும். நான் ஓடுவேன். இதில் யாருக்கும் புரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் மாடியில் கூரை ஒழுகியது. எட்டுப் பொத்தானும் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

கேபிள்காரர் வந்து பார்த்தார். ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர், வருஷா வருஷம் அவர் வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாது. ஏணியிலிருந்து இறங்கித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"மேல இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் எரிஞ்சுபோச்சுக்கா. இந்தப் போனுக்கெல்லாம் தனியா பிளக் கிடையாது. பேச்சு போற கேபிள்லயே கரண்டும் வந்துடும். ரெண்டையும் அனுப்புறது அந்தப் பெட்டிதான்."

"புதுசு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"பெட்டி வந்துட்டா அரை மணி நேரம்."

"பெட்டி வர?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு என் மேசையில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். எட்டுப் போன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாட், ஆக நாற்பது வாட். கேபிள் வழியே மின்சாரம் தரக்கூடிய எட்டு போர்ட், அதாவது கேபிள் செருகும் எட்டுத் துளை, உள்ள சின்ன ஸ்விட்ச் ஒன்று போதும். நான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். பெட்டி வரும்வரை சமாளிக்க, காஸ் துணியை முறுக்கிக் கயிறாக்கி எட்டுக் கட்டிலிலிருந்தும் சுவரோரமாக இழுத்து வந்து என் மேசை மேல் தொங்கவிட்டேன். ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் காலி குளுக்கோஸ் பாட்டில், பாட்டிலுக்குள் இரண்டு ஸ்பூன், மேலே பிளாஸ்டர் ஒட்டிக் கட்டில் எண். இழுத்தால் கடகடவென்று சத்தம் வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை செய்தது.

அந்தக் கயிற்றை முறையாகப் பயன்படுத்தியவர் ஏழாம் கட்டில்காரர் ஒருவர்தான். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். "இவரு உள்ள போ, உள்ள போன்னு ஒரு சத்தம் குடுத்தார்னா பின்னாடி நிக்கிற பஸ்ஸுல இருக்கிறவங்களும் உள்ள போவாங்க சிஸ்டர்" என்று அவர் மனைவி முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டு, அழக்கூடாது என்று சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஒரு இழுப்பு என்றால் ஓடி வா, இரண்டு இழுப்பு என்றால் மெதுவாக வரலாம் என்று அவரே விரலால் காட்டி எனக்கு விதி சொல்லிக் கொடுத்தார். மற்ற ஏழு பேருக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. மின்சாரப் பிரிவு இன்ஜினியர் எழுதியிருந்தார்: மேற்படி கேபிளில் மின்சாரம் போவதாகத் தெரியவருகிறது, மின்சாரம் எங்கள் பிரிவைச் சேர்ந்தது, எங்கள் அனுமதியின்றி அது இத்தனை வருஷம் எப்படிப் போனது என்பதற்கு விளக்கம் தேவை. கணினிப் பிரிவுத் தலைவர் எழுதியிருந்தார்: கேபிள் எங்களுடையது, அதற்குள் மின்சாரம் புகுந்திருப்பதை இப்போதுதான் அறிகிறோம், வருந்துகிறோம். இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். எட்டுப் போனைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி கூட இல்லை.

இரண்டு பிரிவும் மோதிக்கொண்டால் குழு போட வேண்டும் என்பது எங்கள் மருத்துவமனை வழக்கம். போட்டார்கள். கேபிள்வழி மின்வழங்கு கருவித் தேர்வு ஆலோசனைக் குழு என்று பெயர். தலைவர், துணை இயக்குநர்கள் மூவரில் மூத்தவர். இயக்குநர் ஏன் இல்லை என்றால், அந்தப் பதவி பதினாலு மாதமாகக் காலி. அறை பூட்டிக் கிடந்தது. ஆனால் தினமும் திறந்து பெருக்கி, நாற்காலிக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு மணி நேரம் ஏசி ஓடவிட்டு, மறுபடி பூட்டுவார்கள். என் வார்டில் ஏசி கிடையாது. குழுவில் இன்ஜினியர், கணினித் தலைவர், கொள்முதல் அதிகாரி அம்மா மூவரும் உறுப்பினர்கள். நான் பயனாளர் பிரதிநிதி. கேபிள்காரர் சிறப்பு அழைப்பாளர். சிறப்பு அழைப்பாளருக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை என்பதால் நின்றார்.

முதல் கூட்டத்தில் துணை இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார்.

"அவசரம்னு சொல்லி வர்ற ஃபைல் எதையும் நான் அவசரமாப் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு தப்பு சொல்ல முடியுமா? முடியாது. ஏன்? தப்பு எப்ப வரும்? முடிவு எடுத்தா வரும். நான் ஆலோசனை கேட்பேன், கருத்து கேட்பேன், திரும்பவும் கேட்பேன். கேட்டுக்கிட்டே இருந்தேன், பதவி உயர்வு தானா வந்துச்சு. இளைஞர்கள் இதைக் கத்துக்கணும்."

அறையில் இளைஞர் யாரும் இல்லை. இருந்தாலும் எல்லோரும் தலையாட்டினோம். தேவையை நேரில் கண்டறிய வார்டுக்குப் போவது என்று முடிவானது.

மறுவாரம் வந்தார்கள். வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு எட்டு அறைக்கும் நடுவில் நடைபாதையில் நின்றார்கள். துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க இருக்கிற எல்லாரும் தைரியமாப் பேசலாம். அழைப்பு மணி இல்லாததால யாருக்காவது சிரமம் இருந்தா வாய் திறந்து சொல்லுங்க. குழு கேட்கிறதுக்குத்தான் வந்திருக்கு."

எட்டு அறையிலும் மூச்சுக்குழாய் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்தார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

"சார், இவங்களால பேச முடியாது. அதுக்குத்தான் பொத்தான்" என்றேன்.

"நீங்க அவங்க சார்பாப் பேசக்கூடாது சிஸ்டர். அது அவங்க உரிமையைப் பறிக்கிறது" என்றார் கொள்முதல் அம்மா. ஒன்றாம் கட்டில் பெண் ஒரு தாளில் என்னமோ எழுதி நீட்டினாள். எழுத்து மூலமான மனு என்றால் தபால் பிரிவில் கொடுத்து எண் வாங்க வேண்டும் என்று அதை மடித்து அவள் தலையணை மேலேயே வைத்துவிட்டார்கள்.

திரும்பும்போது இன்ஜினியர் கயிறுகளைப் பார்த்தார். பாட்டிலைத் தட்டிப் பார்த்தார். ஸ்பூனை எண்ணினார்.

கூட்டக் குறிப்பு வந்தது. நோயாளிகள் எவரும் குறை கூறவில்லை. மேலும், வார்டில் கயிறு மூலம் மாற்று ஏற்பாடு சிறப்பாக நடைபெறுவதால் அவசரம் எதுவும் இல்லை. அதற்கு அடுத்த பத்தியில், மேற்படி கயிறு அனுமதி பெறாத தகவல் தொடர்பு அமைப்பு என்பதாலும், காலில் தடுக்கும் என்பதாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அகற்றப்பட வேண்டும். இரண்டு பத்திக்கும் கீழே ஒரே கையெழுத்து.

கயிறை அவிழ்த்தேன். மேசையை நடைபாதை மூலைக்குத் தள்ளினேன். அது தீ விபத்தில் தப்பிக்கும் வழி என்று மறுநாளே திருப்பித் தள்ளிவிட்டார்கள். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு, முறைவைத்து அதில் உட்கார்ந்து எட்டு அறையையும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். முப்பத்திரண்டு கட்டிலுக்கு நாங்கள் மூன்று பேர். ஸ்டூல் பெரும்பாலும் காலியாகவே இருந்தது.

இரண்டாவது கூட்டம் மூன்று வாரம் கழித்து நடந்தது. வழியில் கேபிள்காரர் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். "அக்கா, போன் சார்ஜர் மாதிரி சின்னச் சின்ன பெட்டி இருக்கு. ஒவ்வொரு போனுக்கும் ஒண்ணு மாட்டினா கேபிள்ல கரண்ட் ஏத்திடும். கரண்ட் தராத சாதாரண ஸ்விட்ச் ஒண்ணு ஸ்டோர்ல சும்மா கிடக்கு. ரெண்டையும் வெச்சு இன்னிக்கே எல்லாத்தையும் உசுப்பிடலாம். கேட்டுப் பாருங்க." கேட்டேன். நிரந்தரத் தீர்வு பரிசீலனையில் இருக்கும்போது தற்காலிகத் தீர்வு போட்டால் நிரந்தரத் தீர்வின் தேவை கெட்டுப்போகும் என்றார் கொள்முதல் அம்மா. அவர் கெட்டவர் இல்லை. அதை உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.

எட்டு போர்ட் ஸ்விட்ச் என்பது கொள்முதல் விதி சொல்லும் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே வருவதால் வாங்க முடியாது என்று தெரிந்தது. இருபத்துநாலு போர்ட் என்றால் வாங்கலாம். மொத்தம் முந்நூற்றெழுபது வாட் தரும்.

"வார்டுக்கு எட்டுதானே? அப்ப மீதி?" என்று கேட்டார் கணினித் தலைவர்.

அந்தக் கேள்வியோடு அறைக்குள் ஒரு உற்சாகம் வந்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துணை இயக்குநர்கள் மூவர் மேசையிலும் புதுப் போன் வரலாம் என்றானது. துறைத் தலைவர்கள் ஐவருக்கும் வரலாம். இயக்குநர் அறைக்கும் வேண்டும், இல்லாவிட்டால் நாளை அவர் வரும்போது என்ன நினைப்பார். அந்த அறை வாசலில் ஒரு கேமராவும் வேண்டும்.

"யாருக்கு எத்தனை வாட் குடுக்கிறது?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"அதை நாம சொல்லவே வேண்டாம் சார்" என்றார் நின்றுகொண்டிருந்த கேபிள்காரர். "கேபிள் மாட்டின உடனே பெட்டி மெதுவா ஒரு தடவை தொட்டுப் பார்க்கும், சரியான சாதனமான்னு. அப்புறம் உனக்கு எவ்வளவு வேணும்னு கேட்கும். அது சொல்லும். இது குடுத்துடும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு செகண்ட் சார்."

 கொள்முதல் அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"விண்ணப்பம்?" என்றார்.

"இல்லைங்க."

"சிபாரிசு? மேலதிகாரி ஒப்புதல்?"

"இல்லைங்க. தேவைப்படறது கேட்கும், இருக்கிறது குடுக்கும்."

"கேட்டவுடனே குடுக்கிறதா? நம்ம கட்டடத்திலயா?" என்று கேட்டவர் துணை இயக்குநர். அவர் குரலில் கோபம் இல்லை, நிஜமான அதிர்ச்சி இருந்தது. "ஒரு போன் தனக்கு எவ்வளவு வேணும்னு தானே முடிவு பண்ணுமா? நானே என் மேசைக்கு ஒரு டேபிள் லைட் வாங்க ஒன்பது மாசம் காத்திருந்தேன். அந்த லைட் வந்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? காத்திருக்க வைக்கிறதுதான்ப்பா நிர்வாகம். கேட்டதும் குடுத்துட்டா நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?"



கடைசியில் இன்ஜினியர் வழி கண்டுபிடித்தார். அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் இத்தனை வாட் என்று நாமே நிலையாக ஒதுக்கிவிடலாம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அது அவர்களுடையது, வேறு யாரும் தொட முடியாது. எதை அடிப்படையாக வைத்து ஒதுக்குவது என்பதில் விவாதமே எழவில்லை. பதவி வரிசைதான்.

"சார், எல்லாப் போனும் ஒரே போன். ஐந்து வாட்டுக்கு மேல அதால சாப்பிட முடியாது" என்றார் கேபிள்காரர்.

"இயக்குநரும் வார்டும் ஒரே அஞ்சு வாட்டா?" என்றார் கணினித் தலைவர். "சாப்பிட முடியுமா முடியாதாங்கிறது வேற விஷயம். தட்டு பெருசா இருக்கணும்ல?"

இயக்குநர் அறைக்கு அறுபது வாட். துணை இயக்குநர்கள் மூவருக்கும் ஆளுக்கு நாற்பத்தைந்து. துறைத் தலைவர்கள் ஐவருக்கும் ஆளுக்கு முப்பது. காலி அறைக்குள் யார் போகிறார்கள் என்று பார்க்கும் கேமராவுக்கு இருபத்தைந்து. இன்ஜினியர் தாளில் கூட்டிப் பார்த்தார். முந்நூற்றெழுபது. அச்சுப் பிசகாமல் பொருந்தியதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு.

"வார்டு?" என்று கேட்டேன்.

"வார்டை விட்டுடுவோமா சிஸ்டர்? இதெல்லாமே வார்டுக்காகத்தானே" என்றவர், எட்டுப் போர்ட்டுக்கும் நேரே ஒவ்வொன்றாகப் பூஜ்ஜியம் எழுதினார். "பூஜ்ஜியம்னாலும் முறைப்படி ஒதுக்கீடு வந்துடுச்சு பாருங்க. அடுத்த வருஷம் உயர்த்திக் கேட்கலாம். பட்டியல்ல பேரே இல்லாதவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

கூட்டம் முடியும் நேரத்தில் கணினித் தலைவருக்கு இன்னொரு யோசனை வந்தது. யார் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் கீழே இருப்பவர்கள் போனை எடுத்து யாரு என்று கேட்டுவிட்டால் மரியாதை என்ன ஆவது? எந்தப் போர்ட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் அந்தப் பதவியின் பெயர் எதிர்முனைப் போனின் திரையில் தெரிய வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெட்டி வந்ததும் ஒதுக்கீட்டை மாற்றுவதற்கான பாஸ்வேர்டைத் துணை இயக்குநர் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துத் தன் பீரோவில் பூட்டிவிடுவார். தாளில் கையெழுத்துப் போடும்போது பார்த்தேன், கூட்டத்துக்கு வைத்த பெயர்ப் பலகையில் என்னைப் பயனாளர் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நான் எதையும் பயன்படுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெட்டி வந்தது, ரிப்பன் வெட்டினார்கள், கைதட்டினோம். துணை இயக்குநர் தன் மேசையிலிருந்து அடுத்த அறைத் துணை இயக்குநரை அழைத்து, கேட்கிறதா என்றார். சுவர் வழியாகவே கேட்டது. நான் வார்டுக்கு ஓடிவந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். என் மேசைப் போன் சுவர் பிளக்கில் ஓடுவது, அதனால் அது மட்டும் உயிரோடு இருந்தது. தலைமாட்டுப் போன் எட்டும் கட்டை மாதிரி கிடந்தன.

பதினொரு நாள் கழித்து, பகல் இரண்டரை மணிக்கு, கண்டக்டருக்குக் குழாய் அடைத்தது. பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான் என்பதால் அவர் மனைவி கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் வார்டின் மறுகோடியில் ஒருவருக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் ஆள் இல்லை. அவர் பொத்தானை அமுக்கியிருக்கிறார், திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார், பிறகு எழுந்து வாசலுக்கு வரப் பார்த்து, கால் மடங்கிக் கட்டில் விளிம்பில் நெற்றியை அடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். விழுந்த சத்தம் என்னைக் காப்பாற்றியது. போய்ச் சேர்ந்தபோது உதடு நீலமாகிவிட்டது. மெஷின் குழாயை உள்ளே விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தேன். பிழைத்துக்கொண்டார். புருவத்தில் ஆறு தையல்.

விசாரணை வைத்தார்கள். இன்ஜினியர்தான் கேட்டார்.

"பொத்தானை அமுக்கினாரா?"

"அமுக்கினேன்னு சொல்றாரு சார்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். "பேச்சு வராதவர்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

பெட்டியின் பதிவேட்டில் அந்த நேரத்தில் வார்டிலிருந்து அழைப்பு எதுவும் இல்லை. ஆகவே அழைப்பு விடுக்கப்படவில்லை என்று முடித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் அலுப்பு. கோபத்தில் அழுகை வந்துவிடும் ஜாதி நான். மருந்து அறையில் நின்று அழுதுகொண்டிருந்தபோது கேபிள்காரர் உள்ளே வந்தார். ஊசி டப்பாக்களுக்குப் பக்கத்தில் பையை வைத்தார்.

"அக்கா, பாஸ்வேர்டைத் தொடக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. கேபிளைத் தொடக்கூடாதுன்னு ஆர்டர் இல்லை."

அவர் பையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. விற்க வந்த கம்பெனிக்காரன் ஒருவன் சாம்பிள் என்று கொடுத்துவிட்டு, குழு என்றதும் திரும்ப வாங்காமலே ஓடிப்போய்விட்டான். அதற்குத் தனியாக பிளக் வேண்டாம். ஒரு கேபிளில் வரும் கரண்டைத் தான் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை எட்டாகப் பிரித்துக் கொடுக்கும். அறுபது வாட் வந்தால் போதும், எட்டுப் போனும் ஓடிவிடும்.

"அறுபது வாட்டுக்கு எங்க தம்பி போறது?" என்று கேட்டுவிட்டு நானே நிறுத்திக்கொண்டேன்.

மாடியில் முதல் போர்ட்டில் செருகியிருந்த இயக்குநர் அறைக் கேபிளை உருவித் தொங்கவிட்டார், வார்டுக்கு வரும் கேபிளை அந்த இடத்தில் செருகினார். சின்னப் பெட்டியை வார்டு ஜன்னலுக்கு மேலே வைத்து, எட்டுப் போனின் கேபிளையும் அதில் செருகினார். அரை மணி நேரம் ஆகும் என்று முதல் நாள் சொன்னவர் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். கண்டக்டர் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் மேசையில் மணி அடித்தது. திரையில் "இயக்குநர்" என்று வந்தது.

எட்டுக் கட்டிலும் இயக்குநர்தான். எந்தக் கட்டில் என்பதை விளக்கு காட்டிவிடும், எனக்கு அது போதும்.

துணை இயக்குநருக்கு வாராவாரம் பயன்பாட்டு அறிக்கை போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. அவரே கேட்டு வாங்கிக்கொண்ட அறிக்கை. அந்த வாரம் துணை இயக்குநர்கள் மூவரும் சேர்ந்து நாலு அழைப்பு. துறைத் தலைவர்கள் ஐவரும் சேர்ந்து ஒன்று, அதுவும் தவறான எண். இயக்குநர் முந்நூற்றுப் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐம்பத்தொன்று.

அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு பூட்டிய அறைக்குப் போய்க் கதவில் காது வைத்துக் கேட்டதைப் பெருக்குகிற அம்மா பார்த்திருக்கிறார். கேமரா பதிவில் பெருக்குகிறவரைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. அதில்தான் அவருக்குப் பயம் பிடித்தது. புதிதாக வரப்போகிற இயக்குநர் ரகசியமாகப் பொறுப்பேற்றுக் கட்டடத்துக்குள்ளேயே எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டினார். அவர் இருபத்தாறு வருஷத்தில் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும். கொள்முதல் அம்மா அதற்கு மேலே போய், இப்படி ஒருவர் இதற்கு முன் இருந்த இடத்தில் நோயாளி மாதிரி வந்து படுத்து நாற்பது பேரை மாற்றல் செய்தாராம் என்றார். அந்த வாரம் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். எங்கள் கழிவறைக்கு ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தாழ்ப்பாள் போட்டார்கள். ஸ்டூலில் உட்கார மேலும் இரண்டு நர்ஸுகளை அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துணை இயக்குநர் தனியாக வார்டுக்கு வந்தார். வாய்க்குத் துணி கட்டவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "ஒண்ணுமில்லை சிஸ்டர், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

திரையைப் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எங்கருந்து?" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் மாலைக்குள் கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள், கேபிள்காரருக்கு வேலை போகும், எட்டுப் போனும் மறுபடி கட்டையாகும். வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் அவரே நடைபாதை மூலை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டார். ஏழாம் அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் ஓடினார். அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர வேறொருவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பின்னாலேயே நானும் போனேன்.

கண்டக்டர் தலையணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நரைத்த முரட்டு மீசை, புருவத்தில் தையல், மூக்கு நுனியில் கண்ணாடி. முப்பத்திரண்டு வருஷம் சில்லறை இல்லாதவர்களைப் பார்த்த பார்வையால் வந்தவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

துணை இயக்குநர் கைகளைக் கட்டிக்கொண்டார். "சார், உங்களுக்கு நான் முன்னாடியே... வார்டுல எல்லா ஏற்பாடும்... எட்டுப் போனும் எப்பவும் இப்படியே இருக்கும் சார், யாரும் கை வைக்காம நான் பார்த்துக்கறேன். எழுத்துலயே குடுத்துடறேன் சார்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், அது கழுத்துக் குழாயில் விசில் மாதிரி வந்தது. பிறகு எதற்காகப் பொத்தானை அமுக்கினாரோ அதைக் கையால் காட்டினார். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பாட்டில் நிறைந்திருந்தது.

துணை இயக்குநர் குனிந்தார். இரண்டு கையாலும் பாட்டிலை எடுத்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. பின்பக்கமாகவே நாலடி நடந்து வாசலுக்கு வந்து, என் காதோரம் மெதுவாகக் கேட்டார்.

"இதை எங்க ஊத்தணும் சிஸ்டர்?"

"நேராப் போய் இடது பக்கம் சார். கழுவி எடுத்துட்டு வந்துடுங்க. மூணாம் நம்பர்லயும் விளக்கு எரியுது."